ஒரு சதுர சென்டிமீட்டருக்கு முக்கால் கிலோ

கீழ்திட்டில் யாராவது புது வீட்டுக்குக் குடிபோனால் பால் காய்ச்ச மாட்டார்கள். கடலுக்குள் அறுபது மீட்டர் ஆழத்தில், அந்த அழுத்தத்தில், பால் பொங்குவதற்குள் அடியில் பிடித்துக் கருகிவிடும்; வாழ்த்த வந்தவர்கள் இருமிக்கொண்டே திரும்ப வேண்டியிருக்கும். அதனால் அவர்கள் சைபர் வைப்பார்கள். வீட்டின் மூத்த பெண் சுவரிலிருக்கும் அழுத்தமானியின் அருகே போய் அதன் அடியிலுள்ள பித்தளைப் பொத்தானை அழுத்துவாள். முள் எங்கே நின்றாலும் துள்ளி வந்து சைபரில் உட்கார்ந்துகொள்ளும். நாம் இருக்கிற இடம்தான் தொடக்கம், மற்ற இடமெல்லாம் அதற்கு மேலோ கீழோ என்பது அவர்கள் கணக்கு.

மேல்திட்டுக்காரர்களிடம் இதைச் சொன்னால் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். பதினைந்து மீட்டர் ஆழத்தில் சிப்பி வளர்த்துப் பிழைக்கும் அவர்கள் வீட்டு முள்ளும் சைபரில்தான் நிற்கிறது. ஆனால் அது தொழிற்சாலையிலேயே வைத்து அனுப்பிய சைபர். அதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று கேட்பார்கள்.

இரண்டு திட்டுகளுக்கும் நடுவே ஒரு வடத்தைப் பிடித்துக்கொண்டு ஏறி இறங்கும் இரும்பு உருளை ஒன்று உண்டு. பெயர் நடுவறை. இறங்க ஒரு மணி நேரம் போதும். ஏற மூன்று நாளுக்கு மேல் ஆகும். கீழ்திட்டுக்காரர்களின் ரத்தத்தில் அந்த ஆழத்தின் வாயு கரைந்திருக்கிறது; அது மெல்ல மெல்லத்தான் வெளியேற வேண்டும்; அதனால் உருளை மேல்திட்டுக் கதவோடு ஒட்டிக்கொண்ட பிறகும் உள்ளேயிருக்கும் அழுத்தம் சிறுகச் சிறுகத்தான் இறங்கும். நடுவறையின் உடம்பை மேல்திட்டு செய்தது, கருவிகளைக் கீழ்திட்டு கொடுத்தது. ஆகவே உள்ளேயிருக்கும் மானி சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்று பி.எஸ்.ஐ. கணக்கில் பேசும். வெளியே மேல்திட்டின் பலகையில் அதே எண் சதுர சென்டிமீட்டருக்கு இத்தனை கிலோ என்று தெரியும். இரண்டுக்கும் இடையில் ஒருமுறை இயந்திரம் பிசகி, நான்கு பேர் ஒரு மாதம் படுக்கையில் கிடந்த பிறகு சட்டம் வந்தது: அலகு மாற்றியதை ஒரு மனிதர் சரிபார்த்துக் கையெழுத்துப் போடாமல் கதவு திறக்கக் கூடாது.

மேல்திட்டில் அந்த மனிதர் ஜெசிந்தா. பி.எஸ்.ஐ.யைக் கிலோவாக்கப் பதினான்கு புள்ளி இரண்டு இரண்டால் வகுப்பது அவளுக்கு மூச்சுவிடுவது மாதிரி. அன்று ஞாயிற்றுக்கிழமை, அவளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை ஜெர்வாஸ் வியாழக்கிழமையிலிருந்து நடுவறைக்குள் ஏறிவந்துகொண்டிருந்தான், தன் அம்மா எமரென்சியாவுடனும் இரண்டு சித்தப்பாக்களுடனும், ஒரு பெரிய பானை இட்லி மாவுடனும்.

மாவு ஒரு தனி விவகாரம். கீழ்திட்டில் இட்லி உப்பாது. எவ்வளவு புளித்தாலும் அந்த அழுத்தத்தில் மாவின் நுரை கடுகளவுக்குச் சுருங்கிக் கிடக்கும். இட்லி தட்டையாக, பிடிவாதமாக, சப்பாத்திக்குப் பங்காளி மாதிரி வரும். "என் மவன் கல்யாணத்துக்கு எங்க வீட்டு மாவுலதான் இட்லி. ஏற ஏற அது தன்னால பொங்கும். மேல வரையில விளிம்பு தொட்டு நிக்கும், நீங்களே பாருங்க" என்று எமரென்சியா நிச்சயதார்த்தத்தன்றே தொலைபேசியில் அறிவித்திருந்தார். ஹீலியம் கலந்த காற்றைச் சுவாசிப்பதால் கீழ்திட்டில் எல்லோருக்கும் வாத்துக் குரல். ஜெசிந்தா தன் வருங்கால மாமியாரின் கண்டிப்பை எல்லாம் இதுவரை வாத்துக் குரலில்தான் கேட்டிருக்கிறாள். சிரிக்காமல் கேட்பதற்கு உள்கன்னத்தைக் கடித்துக்கொள்ள வேண்டும்.

சாயங்காலம் நான்கு மணிக்கு அறை வந்து சேர வேண்டும் என்பது அவள் போட்ட கணக்கு. காலை ஏழு மணிக்கே பலகையில் முள் சைபரைக் காட்டியது.

முதலில் பார்த்தவர் அவளுடைய அப்பா தொம்மை. கதவுப் பொறுப்பு அவருடையது. பார்த்தவுடன் கரைக்குப் போன் போட்டு, "பாதர், மாப்பிள்ளை வீட்டுக்காரங்க சீக்கிரமே வந்துட்டாங்க, நீங்களும் கிளம்பிருங்க" என்று சொல்லிவிட்டுத்தான் மகளை எழுப்பினார்.

ஒன்பது மணிக்குப் பாதர் பெனித்து குண்டுமணி மாதிரி உருண்டையான ஒரு கூண்டில் இறங்கி வந்து சேர்ந்தார். அந்த மறைமாவட்டத்திலேயே காது ஒத்துக்கொள்ளும் ஒரே பாதர் அவர்தான். மற்றவர்களுக்கு ஐந்து மீட்டரிலேயே செவிப்பறை முறையிடும். அவருக்கும் இதயத்தில் ஒரு ஸ்டென்ட் இருந்ததால் வாரத்துக்கு ஒரு தடவைக்கு மேல் இறங்கக் கூடாது என்று டாக்டர் உத்தரவு. இறங்கினால் ஒரு மணி நேரம். அதற்கு மேல் தங்கினால் அவரும் படிப்படியாகத்தான் ஏற வேண்டியிருக்கும். வரும் புதன்கிழமை சாம்பல் புதன், அன்று தவக்காலம் தொடங்கிவிடும். தவக்காலத்தில் கல்யாணம் கிடையாது. இன்று விட்டால் ஈஸ்டர் என்கிற பாஸ்கா திருநாள் தாண்டித்தான்.

கல்யாணச் சேலையோடு பலகையின் முன்னால் உட்கார்ந்திருந்தாள் ஜெசிந்தா. தொம்மையின் கை, அறைக்கும் திட்டுக்கும் இடையிலிருக்கும் சமன் வால்வின் மேல் இருந்தது.

"கையெழுத்துப் போடு பிள்ள."

"ஒன்பது மணி நேரம் முந்தி வந்திருக்குப்பா. ஏன்?"

"ஏன்னா? கிலோ கணக்குக்கும் 'பார்'ங்கிற அலகுக்கும் வித்தியாசம் இருக்குன்னு நீதான வாய் ஓயாம சொல்லுவ. அதுல எங்கயாவது இடிச்சிருக்கும்."

"அது நூத்துக்கு ரெண்டுதான். மொத்தப் பயணத்துக்கும் சேத்தா ஒன்றரை மணி நேரம் வரும். மீதி எங்க போச்சு?"

"மீதியை மாதா குடுத்தாங்கன்னு வெச்சுக்கோ."

பாதர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அவர் பார்த்ததை எல்லோரும் பார்த்தார்கள்.

ஜெசிந்தா முள்ளையே பார்த்தாள். அவளுக்கு ஒரு பழக்கம் உண்டு: எண் ஒன்று இடறும்போது பேச்சை நிறுத்திவிடுவாள். எவ்வளவு நேரமானாலும். கடலடியில் வளர்ந்தவர்களுக்கு மௌனம் சங்கடமில்லை. அங்கே மௌனத்துக்கும் ஒரு கனம் உண்டு, தோளில் துண்டு போட்ட மாதிரி அதோடேயே நடமாடுவார்கள். நேற்று இரவு பத்து மணிக்கு முள் ஒன்றரைக்குச் சற்றுக் கீழே நின்றது. அந்த வேகத்தில் விடிகாலை வரும்போது முக்காலுக்கு வந்திருக்க வேண்டும். சைபருக்கு எப்படி வந்தது? ஒழுக்கு இருந்தால் மணி அடித்திருக்கும். கருவி கெட்டிருந்தால் முள் ஆடியிருக்கும். இது அசையாமல், குளித்துத் தலைசீவி உட்கார்ந்த பிள்ளை மாதிரி, மிகச் சரியாகச் சைபரில் இருந்தது. அதுதான் அவளுக்குப் பிடிக்கவில்லை.

தொம்மைக்கு அந்த மௌனத்தைத் தெரியும். அதில் வேறொன்று இருப்பதாகவும் அவருக்குச் சந்தேகம். கல்யாணத்துக்குப் பிறகு மகள் கீழே போய்விடுவாள். ஒரு மணி நேரத்தில் போய்விடலாம், ஆனால் அப்பாவைப் பார்க்க நினைத்தால் மூன்று நாள் ஏற வேண்டும். அவர் இதுவரை கீழ்திட்டுக்குப் போனதேயில்லை. "கல்யாணம் தள்ளிப் போகணும்னு பாக்குதியா?" என்று தாழ்ந்த குரலில் கேட்டார். கேள்வியில் கண்டிப்பு குறைவாகவும் ஆசை அதிகமாகவும் இருந்தது.

"இல்லப்பா. அந்த வால்வுலேருந்து கையை மட்டும் எடுங்க."

அவள் தொலைபேசியை எடுத்தாள். தடித்த கண்ணாடி ஜன்னலுக்கு அப்பால் ஜெர்வாஸ் பட்டு வேட்டியோடு நின்று கையசைத்தான்.

"என்ன ஜெசி, கதவுக்கு வெக்கமா?" வாத்து கொஞ்சியது.

"உங்களுக்கு உடம்பு எப்படி இருக்கு? மூட்டு வலி, அரிப்பு?"

"மூணு நாளா சித்தப்பா குறட்டை. அதுக்கு ஏதாவது அலகு இருக்கா?"

"அம்மாகிட்ட குடுங்க."

எமரென்சியா வந்தார். மல்லிகைப்பூ, கனத்த தோடு, மூன்று நாள் அடைபட்ட எரிச்சல்.

"மாமி, மாவு எப்படி இருக்கு?"

அந்தக் கேள்வியைக் கேட்டதும் வெளியே நின்ற சொந்தக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மணப்பெண்ணுக்குப் பசி என்று யாரோ முணுமுணுத்தார்கள்.

"மாவுக்கென்ன, மகாராணியா இருக்கு. வெள்ளைத் துணி கட்டினது கட்டினபடி. யாரும் கைவெக்கல."

"விளிம்பு தொட்டிருச்சா?"

உள்ளே துணி அவிழும் சத்தம்.

"இன்னும் மூணு விரக்கடை இருக்கு" என்றது வாத்துக் குரல், கொஞ்சம் இறங்கி. "காலையில பாத்ததுக்கு இம்மியும் ஏறல. என் மாவு இப்படிச் செய்யாதே."

ஜெசிந்தா எழுந்து நின்றாள். "அப்பா, அறை இன்னும் வந்து சேரல. முக்கால் கிலோ பாக்கி இருக்கு."

"மாவை வெச்சா சொல்லுத? மாவு புளிக்கவும் செய்யுமே பிள்ள. அதை நம்பி ஒரு அளவா?"

"பொங்கியிருந்தா நீங்க சொல்லுதது சரி. அழுத்தம் குறைஞ்சும் பொங்கலாம், புளிச்சும் பொங்கலாம், எதுன்னு தெரியாது. பொங்கலையே. புளிச்சும் பொங்கலன்னா அழுத்தம் அமுக்கிப் பிடிச்சிருக்குன்னுதான் அர்த்தம். மூணு விரல்னா ஏறக்குறைய முக்கால் கிலோ."

"விரலை எப்படிம்மா கிலோவா மாத்துவ?" என்று பாதர் உண்மையான ஆர்வத்தோடு கேட்டார்.

"அழுத்தம் பாதியானா நுரை ரெண்டு மடங்கு, பாதர். பானை எவ்வளவு ஆழம்னு தெரியும், கீழ எங்க வரைக்கும் ஊத்தினாங்கன்னு தெரியும். அவ்வளவுதான்."

தொலைபேசி இன்னும் திறந்திருந்தது. எமரென்சியா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

"முக்கால் கிலோவுக்கா இந்தப் பாடு? முக்கால் கிலோ நெத்திலி வாங்கினா ரெண்டு பேருக்குக் காணாது. திறக்கச் சொல்லு உங்கப்பாவை."

"மாமி, அது மொத்தமா முக்கால் கிலோ இல்ல. ஒரு நகம் அளவு இடத்துக்கு முக்கால் கிலோ. உங்க உள்ளங்கைக்கு மட்டும் ஒரு ஆள் கனம் நெத்திலி. அது சட்டுனு விலகினா, சோடா பாட்டிலைத் திறந்த மாதிரி உங்க ரத்தம் நுரைக்கும்."

ஜன்னலில் ஜெர்வாஸின் சிரிப்பு நின்றுபோயிருந்தது. தொம்மை தன் கையைப் பார்த்தார். வால்வின் மேலிருந்த அதே கை. அதை வேட்டியில் துடைத்துக்கொண்டு முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார்.

"மாமி," ஜெசிந்தா மெதுவாகக் கேட்டாள், "காலையில அந்த மானிகிட்ட யாராவது போனீங்களா?"

"போகாம? சைபர் வெச்சேன்."

"எதுக்கு?"

"எதுக்கா? வியாழன், வெள்ளி, சனி. மூணு ராத்திரி தூங்கியாச்சு. மூணு ராத்திரி தூங்கின இடம் வீடு. வீட்டுல முள்ளை அந்தரத்துல நிக்கவிட்டுட்டு நல்ல காரியம் பண்ணச் சொல்லுதியா? எழுந்து பல் தேய்ச்சேன், சைபர் வெச்சேன், செபம் சொன்னேன்."

விஷயம் அவ்வளவுதான். அவர் பொத்தானை அழுத்தியதும் முள் சைபருக்கு வந்தது. சைபரைக் கண்ட இயந்திரம் வந்து சேர்ந்துவிட்டதாக நம்பி, வாயுவை வெளியேற்றுவதை நிறுத்திவிட்டது. நடுவறையைச் செய்த மேல்திட்டுக்காரர்கள் அதில் யாராவது மூன்று இரவு தூங்கிவிட்டு அதை வீடு என்று நினைப்பார்கள் என்று எதிர்பார்க்கவில்லை. இதுவரை ஏறிவந்தவர்களில் குடும்பத்தின் மூத்த பெண் யாரும் இருந்ததில்லை.

"என்ன மூட வழக்கம் இது" என்றார் தொம்மை. பயம் கோபமாக மாற அவருக்கு எப்போதும் கொஞ்ச நேரம்தான் வேண்டும்.

"சம்பந்தி, உங்க வீட்டு முள்ளு எங்க நிக்கி?" என்றது வாத்து. "அதை வெச்சவன் என்ன வானத்துலேருந்து வந்த சம்மனசா?"

பாதர் தொண்டையைக் கனைத்தார். "எனக்கு இன்னும் முப்பத்தஞ்சு நிமிஷம் இருக்கு."

ஜெசிந்தா இயந்திரத்தின் சைபரைத் திருத்தி, முக்கால் கிலோவில் வைத்து, மீண்டும் ஓடவிட்டாள். உருளையின் உச்சியில் வாயு மெல்லச் சீறத் தொடங்கியது. இதே வேகத்தில் போனால் மூன்று மணி நேரம் நின்றதையும் சேர்த்து ராத்திரி ஏழு. பாதருக்கு அவ்வளவு நேரமில்லை. பாஸ்கா வரை காத்திருப்பதா? ஜன்னலுக்கு அப்பால் ஜெர்வாஸ் கண்ணாடியில் கை வைத்து நின்றான். அவன் ஒன்றும் கேட்கவில்லை. அவனும் மௌனம் தெரிந்தவன்தான். அதனால்தான் அவளுக்கு அவனைப் பிடித்தது.

அவன் இங்கே வரத்தான் நாளாகும், தான் அங்கே போக நாளாகாது என்பது அவளுக்கு அப்போதுதான் தோன்றியது. இத்தனை வருடமாக வாசலில் உட்கார்ந்து மற்றவர்களை இந்த அழுத்தத்துக்கு மாற்றிக்கொண்டே இருந்ததில் அது மறந்துபோயிருந்தது.

"அப்பா, நடுவறைய ஒட்டின முன்னறையில நான் ஏறிக்கிடுதேன். பத்து நிமிஷத்துல என்னை அவங்க அழுத்தத்துக்குக் கொண்டுபோயிருங்க. பாதர் வெளிய ஜன்னல்கிட்ட நிக்கட்டும், போன்ல மந்திரிக்கட்டும். ராத்திரி அவங்களோட சேந்து நானும் வெளிய வருதேன்."

"கண்ணாடிக்குள்ள கல்யாணமா?" என்றார் தொம்மை.

"பார்வைக்குத் தெரியுது, குரல் கேக்குது. மணமக்கள் சேந்து நிக்காங்க. எனக்கு ஆட்சேபம் இல்லை" என்றார் பாதர், கடிகாரத்தைப் பார்த்தபடி.

தொம்மை மகளை முன்னறைக்குள் விட்டுக் கதவைச் சாத்தினார். அழுத்தம் ஏற்றும் வால்வை அவரே திருகினார், ஒவ்வொரு சுற்றுக்கும் நிறுத்தி, "காது சரியாருக்கா? காது சரியாருக்கா?" என்று கேட்டுக்கொண்டு. சின்ன வயதில் அவளுக்குக் காது குத்தியபோதுகூட அவர் அத்தனை தடவை கேட்டதில்லை.

உள்கதவு திறந்ததும் எமரென்சியா அவளைக் கட்டிக்கொண்டார். ஜெசிந்தா, "மாமி" என்று வாயைத் திறந்தாள். வெளிவந்தது ஒரு வாத்து. முதல் சிரிப்பு ஒரு சித்தப்பாவிடமிருந்து வந்தது, அதுவும் வாத்துச் சிரிப்பு. இன்பத்திலும் துன்பத்திலும் உடல்நலத்திலும் நோயிலும் என்று ஜெர்வாஸ் கீச்சிட்டபோது வெளியே கோயிலில் பாடும் பிள்ளைகள் பாட்டுப் புத்தகத்தால் முகத்தை மூடிக்கொண்டார்கள். பாதரின் தோள்கள் குலுங்கின. ஆனால் குரல் தடுமாறவில்லை, அதற்காகவே அவருக்குச் சொர்க்கத்தில் இடமிருக்கும். தாலி கட்டும்போது மட்டும் யாரும் சிரிக்கவில்லை. தொம்மை ஜன்னலில் நெற்றியை வைத்திருந்தார். அவர் மூச்சில் கண்ணாடி மங்கியது, துடைத்துத் துடைத்துப் பார்த்தார்.

கிளம்பும் முன் பாதர் தொலைபேசியை எடுத்தார். "இவ்வளவு பாரத்தைச் சுமந்துக்கிட்டு எப்படித்தான் இருக்கீங்களோ. மேல நாங்க பரவாயில்லை, பாரமே இல்லாம இருக்கோம்."

"உங்களுக்கும் இருக்கு பாதர்" என்றாள் ஜெசிந்தா வாத்துக் குரலில். "உங்க தலைக்கு மேல அவ்வளவு காத்து இருக்கே. சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ. இப்ப இங்க பாக்கி இருக்குததைவிட அதிகம்."

"சும்மா சொல்லாத. எங்க மானியில சைபர்னுதான் காட்டும்."

"காட்டும் பாதர்."

அவர் ஏதோ கேட்க வாயெடுத்தார். நேரமாகிவிட்டது, கூண்டில் ஏற்றிவிட்டார்கள்.

ராத்திரி ஏழு மணிக்குச் சற்று முன்னால், இயந்திரம் மணி அடிப்பதற்குள், வெள்ளைத் துணியைத் தள்ளிக்கொண்டு மாவு பொங்கி வழிந்தது. பாதி தரையில், பாதி ஜெசிந்தாவின் கல்யாணச் சேலையில். "வந்துட்டோம்" என்றார் எமரென்சியா, மானியைத் திரும்பிக்கூடப் பார்க்காமல். கதவைத் திறந்த தொம்மையின் முன்னால் மாவு வழிய நின்றார்கள். மேல்திட்டின் காற்று இரண்டு மூச்சு உள்ளே போனதும் எமரென்சியா, "என்ன சம்பந்தி, சொகமா?" என்று கேட்டார். ஜெசிந்தா திடுக்கிட்டாள். ஆழமான, கனிந்த குரல். இத்தனை நாள் தன்னைக் கண்டித்தது இந்தக் குரல்தானா என்று நினைத்தாள். தெரிந்திருந்தால் கொஞ்சம் பயந்திருப்பாள்.

எமரென்சியா தொம்மையின் வீட்டில்தான் தங்கினார். சாம்பல் புதனன்று காலை அவர் எழுந்து பல் தேய்த்துவிட்டு நேராகச் சுவரிலிருந்த மானியை நோக்கி நடந்தார். காப்பி ஆற்றிக்கொண்டிருந்த தொம்மை பார்த்தார். மூன்று ராத்திரி. மறுபடியும் காப்பியை ஆற்றினார்.

எமரென்சியாவின் விரல் பொத்தான் வரை போய் நின்றது. முள்ளை உற்றுப் பார்த்தார். அது ஏற்கெனவே சைபரில் இருந்தது. வெகுநேரம் அப்படியே நின்றார். பிறகு விரலை எடுத்துக்கொண்டு திரும்பி வந்து, தொம்மை நீட்டிய காப்பியை வாங்கிக்கொண்டார்.

"அடுத்த மாசம் பிள்ளைய கீழ கூட்டிட்டுப் போறப்ப," என்றார் தொம்மை, காப்பியைப் பார்த்தபடி, "நானும் ஒரு மூணு ராத்திரி வந்து தங்கலாம்னு பாக்குதேன்."

"வாங்க. இட்லி மட்டும் கேக்கக் கூடாது."

அப்போது தொலைபேசி அடித்தது. ஜெசிந்தா எடுத்தாள். கரையிலிருந்து பாதர் பெனித்து. குரலில் தூக்கம் கெட்ட களைப்பு.

"நீ ஞாயித்துக்கிழமை சாதாரணமா சொல்லிட்ட. அதுலேருந்து எனக்குத் தோள் கனக்குதும்மா. இத்தனை வருஷம் இல்லாதது. புத்தகத்தை எடுத்துப் பாத்தேன், நீ சொன்னது சரிதான். அப்புறம் எங்க மானியில யாரு சைபர் வெச்சது?"

ஜெசிந்தா யோசித்தாள். பதில் சொல்வதற்குள் பின்னாலிருந்து அந்த ஆழமான குரல் வந்தது.

"யாராவது மூணு ராத்திரி தூங்கியிருப்பாவ, பாதர்."